ஒரு வரிக்கு இடம்

அவர் என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. பழிக்குப் பழியா என்று கேட்டால், ஆமாம், அதேதான்.

அவருக்கு நான் ‘ராயபுரம்’. வண்ணாரப்பேட்டையில் நூல் கடைகள் இருக்கிற தெருவில், ஒரு கடைக்கு மேலே, செங்குத்தான மரப்படி ஏறிப் போனால் அவருடைய அறை. நான் தலையை நீட்டியதும், “வா ராயபுரம், உக்காரு” என்பார். எம்பிராய்டரி எழுதிக் கொடுக்கும் அம்மாள் ‘பெரம்பூர்’. மூலையில் உட்கார்ந்து பார்சல் கட்டுகிற பெரியவர் ‘கொருக்குப்பேட்டை’. பஸ்ஸில் கண்டக்டர் ஸ்டாப்பிங் பெயர் சொல்லுகிற மாதிரி இருக்கும் எனக்கு. கஸ்தூரி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?

அந்த அறையிலிருந்து அவர் மாதம் ஒரு கைவேலைப் புத்தகம் போட்டுக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு பக்கம். ஒயர் கூடை, உல்லன், எம்பிராய்டரி, கடைசியில் கொக்கி ஊசியால் நூலைப் பின்னுகிற குரோஷா. தெருவிலுள்ள நூல் கடைகளிலெல்லாம் கிளிப் மாட்டித் தொங்கும். எங்கள் பக்கத்தில் குரோஷா ஊசி பிடிக்கிற பெண்கள் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் டிவிக்கு விரிப்பும், குழந்தைக்குக் குல்லாவும் பின்னினார்கள். இத்தனைக்கும் ஊசியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது.

அவருக்குத் தெரிந்தது வெட்டுவது. சட்டைப் பையில் சிவப்புப் பேனா இல்லாமல் அவரை நான் பார்த்ததே கிடையாது. எதைக் கொடுத்தாலும் முதலில் மூடியைக் கழற்றுவார், பிறகுதான் படிப்பார். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டினாற்போல் வைத்துக் காட்டி, “இடம் இல்லம்மா, இடம்” என்பார். அந்த இரண்டு விரல்களுக்கு நடுவில் எத்தனையோ பேருடைய உழைப்பு நசுங்கிப் போனது. அவர் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். நாலு வரி எழுதிக் கொடுக்கத்தான் செய்தேன், அது என்ன ஆனது என்று கடைசியில் சொல்கிறேன்.

டீயைக்கூட அவர் முழுசாக விட்டதில்லை. கீழே கடையிலிருந்து எனக்கு ஒரு டீ வந்தால் அதில் பாதியை இன்னொரு கிளாசில் ஊற்றிக் கொருக்குப்பேட்டையிடம் நீட்டுவார். “மீதி வெறும் சுடுதண்ணிதாம்மா” என்பார். கஞ்சத்தனம் என்று முதலில் நினைத்தேன். அதுவுமில்லை. முழுசாக எது இருந்தாலும் அவருக்குக் கை நமநமவென்று இருக்கும்.

நாம் பேசுவதையும் வெட்டுவார். ஒரு தடவை நான், “சார், அந்தப் பச்சை நூல்ல இந்தப் பூவைப் போட்டா” என்று ஆரம்பித்தேன். “நல்லா இருக்கும். போட்டுடலாம்” என்று முடித்துவிட்டார். நான் சொல்ல வந்தது, முதல் தண்ணியிலேயே சாயம் இறங்கிவிடும் என்று. மறுமாதம் அட்டையிலேயே அந்தப் பச்சைப் பூ. கழுவியதும் வெள்ளை விரிப்பெல்லாம் பாசி பிடித்தது போல ஆகிவிட்டதென்று பெண்கள் நூல் கடைக்காரர்களைத் திட்டினார்கள். அவரிடம் சொன்னேன். “நீ அப்பவே சொல்லியிருக்கணும்” என்றார். அவரை என்ன செய்ய?

மகன் கல்யாணப் பத்திரிகையையும் அவர் விட்டுவைக்கவில்லை என்று கொருக்குப்பேட்டை சொல்லியிருக்கிறார். பெரியப்பா, சித்தப்பா, அத்தை மாமா என்று வரிசையாக வந்த பெயர்களில் சிவப்புக் கோட்டை இழுத்துவிட்டு, ‘மற்றும் உறவினர்கள்’ என்று போட்டாராம். சொந்த அண்ணனே மண்டபத்து வாசல்வரை வந்து மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் திரும்பிப் போனாராம். “அதுவும் நல்லதுதான், ஒரு எலை மிச்சம்” என்றாராம் இவர்.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அந்தப் புத்தகத்தில் எங்கேயும் அவர் தன் பெயரையும் போட்டுக்கொள்ளவில்லை. ஆசிரியர் என்று இருக்க வேண்டிய இடத்தில் வெறும் முகவரிதான் இருந்தது.

நான் காசிமேட்டில் பிறந்து ராயபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். அப்பா, அண்ணன், கணவர் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் லாஞ்சுப் படகெல்லாம் கரையில் நிற்கும், ஆண்கள் உட்கார்ந்து வலை கட்டுவார்கள். அந்த மாதிரி ஒரு தடைக்காலத்தில்தான் எதிர் வீட்டு நர்ஸம்மாவிடம் நான் குரோஷா கற்றுக்கொண்டேன். வலையில் ஒவ்வொரு ஓட்டையையும் கண்ணி என்போம். அந்தப் பழக்கத்தில் குரோஷாவில் போடும் ஒவ்வொரு முடிச்சையும் நான் கண்ணி என்றுதான் சொல்வேன், எழுதுவேன். புத்தகத்தைப் பார்த்துப் பின்னிப் பின்னி, பிறகு நானாகவே புது டிசைன் போட ஆரம்பித்தேன். அலை மாதிரி, மீன் செதில் மாதிரி, மட்டிச் சிப்பி மாதிரி. போட்டால் போதாது, இன்னொருத்தி அதைப் பார்த்துப் பின்னுகிற மாதிரி எழுதவும் வேண்டும். அது தனி வேலை.

பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், அவளிடம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் நான் எழுதுவேன். ‘இந்த இடத்தில் நூல் இறுகும், பயப்படாதே’ என்றெல்லாம் எழுதுவேன். முதல் டிசைனை எட்டுப் பக்கம் எழுதி அவரிடம் எடுத்துப் போனேன்.

“என்னம்மா இது, புருஷனுக்குக் கடுதாசியா?” என்றார். கால் மணி நேரத்தில் அது ஒன்றரைப் பக்கம் ஆகிவிட்டது. ‘பயப்படாதே’ எல்லாம் போயே போய்விட்டது. ஆனாலும் அச்சில் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கிளிப்பில் தொங்குகிற புத்தகத்தில் என் சிப்பி. அதன் கீழே, ‘வழங்குவோர்: நமது குழுவினர்’.

அப்படி ஏழு டிசைன் கொடுத்தேன். ஏழுக்கும் நமது குழுவினர். அந்தக் குழுவில் யார் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குரோஷா பக்கத்தைப் பொறுத்தவரை நான் ஒருத்திதான்.

எட்டாவது டிசைனோடு போனபோது வாயைத் திறந்து கேட்டுவிட்டேன். அது நீளமான விரிப்பு, வெள்ளை நூல், எண்பது கண்ணி அகலம். அலைக்கு நடுவில் சிப்பி உட்கார்ந்திருக்கும். அதற்காக மூன்று மாதம் உழைத்திருந்தேன்.

“சார், இதுக்கு என் பேரு போடணும்.”

“பேர் எதுக்கும்மா? டிசைனைப் பாத்துப் போடுவாங்களா, உன் பேரைப் பாத்துப் போடுவாங்களா?”

“எனுக்கு வோணும் சார். இல்லாங்காட்டி குடுக்க மாட்டேன்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“பேர் ஒரு வரி புடிக்கும். பக்கம் நெறைஞ்சிருக்கு. ஏதாவது ஒரு வரிய எடுத்துட்டுத்தான் போடணும். பரவாயில்லையா?”

பரவாயில்லை சார் என்று சொல்லிவிட்டேன். எந்த வரி என்று கேட்கவில்லை. படி இறங்கும்போது காலே தரையில் பாவவில்லை. அந்த மாத இதழில் முப்பத்தோராம் பக்கத்தில் ‘கஸ்தூரி, ராயபுரம்’ என்று வந்திருந்தது. என் கணவர் அதைக் காசிமேட்டு ஏலக்கூடத்துக்கு எடுத்துப் போய் எல்லோரிடமும் காட்டினார். மீன் செதில் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தது புத்தகம். வரி வரியாக நான் படித்துப் பார்க்கவில்லை. பெயரைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, மழை விட்டிருந்த ஒரு காலை நேரத்தில், மீன் விற்கிற ஒரு பெண் யாரோ ஒருத்தியை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டாள். ஒல்லியாக, என் வயதுதான் இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

“குரோஷா போடற கஸ்தூரி நீதானாக்கா?”

அவள் பெயர் வசந்தா. சடையங்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். புருஷன் சாத்தாங்காட்டில் இரும்பு ஏற்றி இறக்குகிறவர். புத்தகத்தில் இருந்த பெயரையும் ஊரையும் வைத்துக்கொண்டு ராயபுரத்தில் தெருத் தெருவாக விசாரித்திருக்கிறாள். பையிலிருந்து முதலில் புத்தகத்தை எடுத்தாள். மழைத் தண்ணி வீட்டுக்குள் முட்டிவரை வந்தபோது பாலித்தீன் கவரில் சுற்றி பீரோவின் மேல் வைத்துக் காப்பாற்றிய புத்தகம். பிறகு துணியை எடுத்தாள்.

என் அலைச்சிப்பி. கண்ணியெல்லாம் அச்சுக் கோத்த மாதிரி இருந்தது, என் கையைவிடச் சுத்தமான கை. ஆனால் துணி நேராக இல்லை. ஒரு முனையில் அகலமாகத் தொடங்கி, போகப் போகக் குறுகி, சட்டைக் கை மாதிரி ஆகியிருந்தது.

“மணலியாண்ட ஒரு சின்ன சர்ச்சுக்கா. பீடத்துல போட்றதுக்கு சிஸ்டரு கேட்டாங்க. எனுக்கு மொத ஆர்டரு. போட்டுகினே வரேன், கோணிக்கினு போவுது. எண்றதுல தப்பு பண்ட்டேன்னு பிரிச்சேன். திருப்பியும் அப்டியே போவுது. மூணு தபா பிரிச்சேன்க்கா. திருநா வந்துட்ச்சு, அவுங்க கடைல வாங்கிப் போட்டுட்டாங்க. நான் எங்க தப்பு பண்றேன்னு மட்டும் சொல்லிக் குடுத்துடு, போயிடறேன்.”

சண்டைக்கு வரவில்லை அவள். தன் தப்பைத் தெரிந்துகொள்ள வந்திருந்தாள். நான் துணியின் ஓரத்தைப் பார்த்தேன், புரிந்துவிட்டது. உள்ளே ஓடிப்போய் என் நோட்டை எடுத்துவந்து அச்சுப் பக்கத்தோடு வைத்துப் பார்த்தேன். என் நோட்டில் இருந்த ஒரு வரி அச்சில் இல்லை.

‘வரிசை முடிந்து திரும்பும்போது போடுகிற மூன்று சங்கிலியும் ஒரு கண்ணி என்றே கணக்கு, அடுத்த வரிசையின் கடைசிக் கண்ணியை மறக்காமல் அந்தச் சங்கிலியின் உச்சியில் போடவும்.’

குரோஷா போடுகிறவர்களுக்குத் தெரியும் இது என்ன விஷயம் என்று. இதைச் சொல்லாவிட்டால் ஒவ்வொரு வரிசையிலும் ஓரத்தில் ஒரு கண்ணி காணாமல் போகும். எண்பதில் தொடங்கினால் நாற்பதாவது வரிசையில் பாதி இருக்காது. பழகின கை தானாகவே போட்டுவிடும். புதுக் கை புத்தகத்தை நம்பும்.

அப்போதே வசந்தாவைக் கூட்டிக்கொண்டு வண்ணாரப்பேட்டை போனேன். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருந்த நேரம், சேற்றில் நடந்து மரப்படி ஏறினோம். நோட்டையும் புத்தகத்தையும் அவர் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வசந்தா துணியை விரித்தாள். அவர் துணியைப் பார்க்கவில்லை. வசந்தாவைப் பார்த்தார்.

“நீ என்ன படிச்சிருக்க?”

“அஞ்சாவது சார்.”

“அதான்” என்றார்.

ஒரே சொல். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த ஒரு சொல்லை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. வசந்தா துணியை மடிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“சார், அவ மேல தப்பு இல்ல. இந்த வரி இன்னாச்சு? இத்த யாரு எடுத்தது?”

அவர் நோட்டைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். ஒளிக்கவெல்லாம் இல்லை. சாவகாசமாகச் சொன்னார்.

“நான்தான் எடுத்தேன். உன் பேரு போட ஒரு வரி வேணும்னு கேட்டியே? இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானேன்னு எடுத்துட்டேன். நீயும் பரவாயில்லன்னுதானே சொன்ன?”

என் பெயர் உட்கார்ந்திருந்தது அந்த வரியின் இடத்தில். தெருத் தெருவாக வசந்தா விசாரித்து வந்த பெயர், அவளுடைய துணியைக் கோணலாக்கிவிட்டு வந்து உட்கார்ந்த பெயர். ஏலக்கூடத்தில் காட்டிப் பெருமைப்பட்ட பெயர். சுருக்கென்று தைத்தது. அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி என் மேலேயே திரும்பியது. அதற்காகவும் நான் அவரை மன்னிக்கவில்லை.

“அடுத்த புக்குல திருத்தம்னு போடுங்க சார். ரெண்டு வரி போதும்.”

“அடுத்த மாசம் கிறிஸ்துமஸ் இதழ். இடம் ஏதும்மா?” அந்த இரண்டு விரல்களும் மேலே எழுந்தன. “அதுவுமில்லாம ஒரு திருத்தம் போட்டா மத்த பக்கத்தையெல்லாம் சந்தேகப்படுவாங்க. விடு. புது டிசைன் வந்தா இத மறந்துடுவாங்க.”

படி இறங்கும்போது வசந்தாதான் எனக்கு ஆறுதல் சொன்னாள். “வுடுக்கா. எனுக்குத்தான் எண்ணத் தெரிலன்னு நெனச்சிகினு இருந்தேன். அப்டி இல்லன்னு தெரிஞ்சிச்சே, அது போதும்.”

எனக்குப் போதவில்லை. அவள் ஒருத்தி தேடிக்கொண்டு வந்துவிட்டாள். வராதவர்கள் எத்தனை பேர்?

அன்று சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். அவர் வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “வலைல ஒரு கண்ணி அறுந்துச்சுன்னா கரைலயே குந்திகினு கட்டிட்டுத்தான் போறோம். அந்தாளு ரெண்டு வரி போட்றதுக்கு இன்னாத்துக்கு இப்டி முறுக்கிக்கிறான்?” பிறகு, “அவன் போடலன்னா நீ போடு. ஜெராக்ஸு கடை கீதுல்ல” என்றார்.

என்னுடைய முதல் புத்தகம் அப்படித்தான் வந்தது. புத்தகம் என்ன புத்தகம், கால் தாள். ‘திருத்தம்’ என்று மேலே எழுதி, விட்டுப்போன வரியை எழுதி, அது எந்த இடத்தில் வர வேண்டும் என்று ஓர் ஓரத்தைப் படமாக வரைந்து, என் பெயரும் போன் நம்பரும் போட்டேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘துணி கோணியது பின்னியவர்களின் குற்றமல்ல.’

நூல் கடைகள் இருக்கிற அந்தத் தெருவிலேயே, நானும் வசந்தாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று, நூல் வாங்க வருகிற பெண்களிடமெல்லாம் கொடுத்தோம். கோயில் நோட்டீஸ் என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள் ஒரு பாட்டி. கோச்சிங் சென்டரா என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள் இரண்டு பேர். மத்தியானம் அவர் சாப்பிடக் கீழே இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார். கையை நீட்டினார், ஒரு தாளைக் கொடுத்தேன். நின்று முழுசாகப் படித்தார். நான் சத்தத்துக்குத் தயாராக இருந்தேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கடைசி வரியின் மேல் நிதானமாக ஒரு சிவப்புக் கோடு இழுத்தார்.

“இது எதுக்கும்மா? யாரும் கேக்கலியே” என்று தாளை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அந்தத் தாள் இன்னும் என் ஊசி டப்பாவில் இருக்கிறது. யாரும் கேட்கவில்லையாம். அன்று ராத்திரிக்குள் பதினொரு பேர் போன் செய்தார்கள். திருவொற்றியூரில் ஒருத்தி மாமியார் கண்ணில் படாமல் கோணல் துணியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். எண்ணூரில் ஒரு ரிட்டயர்டு டீச்சர், கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று டாக்டரிடம் போய்க் கண்ணாடியையே மாற்றியிருந்தார். “அப்ப எங்கண்ணு நல்லாத்தான் இருக்காம்மா?” என்று அவர் போனில் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அத்தனை பேரும் தங்களைத்தான் சந்தேகப்பட்டிருந்தார்கள். புத்தகத்தை ஒருத்திகூடச் சந்தேகப்படவில்லை.

பேசி முடிக்கும்போது எல்லோரும் ஒன்றைக் கேட்டார்கள். வேறு டிசைன் வைத்திருக்கிறீர்களா, இந்த மாதிரி படம் போட்டுத் தருவீர்களா என்று. அதற்குப் பிறகு நான் அந்த மரப்படி ஏறவில்லை. ஒவ்வொரு டிசைனையும் நானே எழுதி, நானே வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தேன். போன் எல்லோர் கைக்கும் வந்த பிறகு பிடிஎப் ஆக்கி அனுப்புகிறேன். எட்டுப் பக்கம் வந்தால் எட்டுப் பக்கம். ‘பயப்படாதே’ திரும்பவும் வந்துவிட்டது.

எழுதியதும் முதலில் வசந்தாவுக்குப் போகும். அவள் என் எழுத்தை மட்டும் பார்த்துப் பின்ன வேண்டும், என்னிடம் எதுவும் கேட்கக் கூடாது. அவள் எங்கேயாவது தயங்கினால் அந்த இடத்தைத் திரும்ப எழுதுவேன். அஞ்சாவது படித்த வசந்தாவுக்குப் புரியாத எதுவும் என்னிடமிருந்து வெளியே போகாது.

யாராவது பதிப்பாளரிடம் கொடுத்தால் என்ன, ஊர் முழுக்கப் போகுமே என்று கேட்கிறார்கள். இரண்டு பேர் வரவும் செய்தார்கள். நல்ல தாள், கலர் படம், எல்லாம் சொன்னார்கள். “இன்னொருத்தர் படிச்சுப் பாத்து, புரியலன்னு சொன்னா அச்சடிக்கறத நிறுத்துவீங்களா?” என்று கேட்டேன். சிரித்தார்கள். நானும் சிரித்து, டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். முழு டீ.

நானும் தப்பு செய்திருக்கிறேன். ஒரு குல்லா டிசைனில் பன்னிரண்டு என்பதற்குப் பதில் இருபத்தொன்று என்று எழுதிவிட்டேன். குழந்தைக் குல்லா பூசணிக்காய்க்குப் போடுகிற அளவுக்கு வந்தது. தெரிந்த அன்றே, வாங்கின ஒவ்வொருத்திக்கும் வாட்ஸப்பில், ‘தப்பு என்னுடையது, கஸ்தூரி’ என்று போட்டுச் சரியான பக்கத்தை அனுப்பினேன். ஒருத்திகூட என்னை விட்டுப் போகவில்லை. மத்த பக்கத்தையெல்லாம் சந்தேகப்படுவார்கள் என்று சொன்னாரே, அவரைப் போய்க் கேட்க வேண்டும் போல இருந்தது.

அவர் புத்தகம் பிறகு நின்றுபோனது. கொருக்குப்பேட்டையை ஒரு நாள் நூல் கடையில் பார்த்தேன். என்னுடைய ஸ்டேப்ளர் புத்தகம் ஒன்றை அவர் இவரிடம் காசு கொடுத்து வாங்கி வரச் சொன்னாராம். ஏதோ மனசு மாறிவிட்டது போல என்று நானும் ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். “ரெண்டு நாள் ஒக்காந்து மொத்தத்தையும் செவப்புல அடிச்சாரும்மா. எட்டுப் பக்கத்த ஒண்ணேகால் ஆக்கிட்டாரு” என்றார் கொருக்குப்பேட்டை.

இப்போது அந்த நாலு வரிக்கு வருகிறேன். அவர் இறந்த பத்தாம் நாள் அவருடைய மகன் போன் செய்தான்.

“ஆன்ட்டி, அப்பாவுக்கு நினைவு மலர் போடுறோம். அவர் கூட வேலை செஞ்சவங்க எல்லாரும் எழுதறாங்க. நீங்களும் ஒரு நாலு வரி குடுங்க.”

கொடுக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். பிறகு உட்கார்ந்து யோசித்து, பொய் இல்லாமல் நாலே வரி எழுதி அனுப்பினேன்.

‘புத்தகம் போடுவதை நான் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். எதையெல்லாம் செய்யக் கூடாதோ, அதையெல்லாம் எனக்கு முன்னால் செய்து காட்டினார். சடையங்குப்பம் வசந்தாவிடம் அவர் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் சார்பில் வீட்டார் கேட்டால் நல்லது.’

நினைவு மலர் தபாலில் வந்தது. நல்ல தாள். நடுவில் மாலை போட்ட படம். அதற்குக் கீழே, கட்டம் கட்டி:

‘புத்தகம் போடுவதை நான் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். கஸ்தூரி, ராயபுரம்.’

இரண்டாவது தடவையாக என் பெயர் அச்சில், இரண்டாவது தடவையாகக் கோணலாக. மகனுக்குப் போன் செய்தேன். அவன் மரியாதையாகத்தான் பேசினான்.

“நல்லா எழுதியிருந்தீங்க ஆன்ட்டி. ஆனா பாருங்க, நிறைய பேரு எழுதிட்டாங்க. இடம் இல்ல.”

அவனுடைய இரண்டு விரல்களும் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். போனை வைத்துவிட்டேன். அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதினேன். நினைவு மலர் போன வீடுகளுக்கெல்லாம் இது போகும். மேலே ‘திருத்தம்’ என்று போட்டுத்தான் அனுப்பப்போகிறேன்.

எழுதி முடித்ததும் வழக்கம்போல வசந்தாவிடம் கொடுத்தேன். என் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை நகர்த்திப் படித்தாள். ‘அதான்’ வந்த இடத்தில் நின்று, மூச்சு விட்டு, மேலே போனாள். முடித்ததும் திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தாள்.

“இது வோணாம்க்கா. எடுத்துடு.”

எது என்று எட்டிப் பார்த்தேன். அந்தப் புத்தகத்தில் எங்கேயும் அவர் தன் பெயரையும் போட்டுக்கொள்ளவில்லை என்கிற வரி.

“இத்தப் படிச்சா, அய்யோ பாவம், நல்லவன்தான் போலன்னு நெனச்சிக்குவாங்க. அந்தாளுக்கு இன்னாத்துக்கு இது?”

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. இந்த விஷயத்தில் அவளைவிட உரிமை உள்ளவர் யாரும் இல்லை. எனக்கும் அந்த வரி பிடிக்கவில்லை. பேனா கையில்தான் இருந்தது. வரியின் தலையில் அதை வைத்தும்விட்டேன்.

பிறகு பேனாவை எடுத்துவிட்டேன்.

“இருக்கட்டும் வசந்தா. அது நடந்ததுதானே. எடம் கீது.”

அவள் என்னை முறைத்தாள். தாள்களை அடுக்கி என் மடியில் வைத்தாள்.

“அப்ப நான் எடுக்கச் சொன்னேன்னும் எழுது.”

எழுதிவிட்டேன்.